பழைய சினிமா பத்திரிகை: செல்போனிலா, தரமணியிலா, சந்தையிலா?

புதுமைப்பித்தன் பிறந்தது எங்கள் திருப்பாதிரிப்புலியூரில், 1906-ல். அவர் கதைகளைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு ஆசை அவருடைய சினிமா நாட்களின் மேல். 1947-ல் சிறையிலிருந்து விடுதலையான தியாகராஜ பாகவதர் எடுத்த ‘ராஜமுக்தி’க்கு வசனம் எழுதப் புனே போனார்; காசநோயோடு திரும்பி 1948 ஜூன் 30-ல் கண்ணை மூடினார். அந்த மாதங்களில் பத்திரிகைகள் என்ன எழுதின? கடலூரில் உட்கார்ந்துகொண்டு இதைத் தேட மூன்று வழி உண்டு. மூன்றிலும் போய்ப் பார்த்தாயிற்று.

எல்லோரும் முதலில் போவது இன்டர்நெட் ஆர்க்கைவுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கும்தான். இரண்டும் பழைய புத்தகங்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் இணையதளங்கள். செல்போனிலேயே பார்க்கலாம், செலவில்லை, ராத்திரி 11 மணிக்கும் திறந்திருக்கும். ஆர்க்கைவில் ஒரு இதழின் பெயரை ஏற்றியவர்கள் ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு மாதிரி அடித்திருப்பார்கள். நாலைந்து விதமாக அடித்துப் பார்க்காமல் ‘இல்லை’ என்று முடிவுகட்டக் கூடாது.

பெரிய தலைவலி உள்ளே இருக்கிறது. என்.எஸ். கிருஷ்ணனுக்காகக் ‘கலைவாணர்’ என்று தேடினேன், ஒன்றும் வரவில்லை. பக்கத்தைத் திறந்தால் கொட்டை எழுத்தில் கலைவாணர் சிரிக்கிறார்! காரணம் அந்த ‘லை’. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, ளை, ணை, னை நான்கும் யானைத் தும்பிக்கை போட்டு வரும். ணா, றா, னாவும் வேறு உருவம். படத்தை எழுத்தாக்கும் மென்பொருள் அங்கே தடுக்கி விழுந்து, வாயில் வந்ததை எழுதிவைத்துவிடுகிறது. அதனால் இப்போதெல்லாம் இந்த எழுத்துகள் இல்லாத சொல்லாகப் பார்த்துத் தேடுகிறேன்: ‘கிருஷ்ணன்’, ‘பாகவதர்’. அதுவும் கைகொடுக்காவிட்டால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான். ஒருவகையில் அதுவே நல்லது. தேடினால் கேட்டது மட்டும் கிடைக்கும். புரட்டினால் கேள்வி-பதில் பகுதியும் சோப்பு விளம்பரமும் கண்ணில் படும். எந்த நடிகை எப்போது பிரபலம் என்பதைச் சோப்பு விளம்பரம் விமர்சனத்தைவிடச் சரியாகச் சொல்லும்.

ஆங்கிலம் தடையில்லை என்றால் பம்பாயிலிருந்து 1935 முதல் வந்த ‘ஃபிலிம் இந்தியா’ இதழ்களும் இணையத்தில் கிடைக்கின்றன. தமிழ்ப் படத்துக்கு அது பக்கத்துணைதான்.

சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா நூலகம் வேறு ஜாதி. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்துவைத்த பொக்கிஷத்தை வைத்து 1994-ல் தொடங்கியது. புதுச்சேரி போய் ஈ.சி.ஆர். பஸ் பிடித்து, திருவான்மியூரில் இறங்கி, அங்கிருந்து ஒரு ஆட்டோ. போக வர ஒரு நாள் சரி. ஆனால் ஒழுங்கான அட்டவணை, கேட்டால் எடுத்துத் தர ஆள் என்று இணையத்தில் கிடைக்காத வசதிகள் அங்கே உண்டு. என் குறை ஒன்றுதான்: எதைக் கேட்பது என்று தெரிந்து போனால்தான் அந்த ஒரு நாள் பிரயோஜனப்படும். முதல் தடவை சும்மா போய், பாதி நாளை வேடிக்கையில் கழித்துவிட்டு வந்தேன்.

எங்கே படித்தாலும் பத்திரிகை யாருடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனந்த விகடன் எஸ்.எஸ். வாசனுடையது, ஜெமினி ஸ்டூடியோவும் அவருடையது. 1941-ல் ‘கல்கி’யைத் தொடங்கிய இருவரில் ஒருவரான சதாசிவம் எம்.எஸ். சுப்புலட்சுமியின் கணவர். ஜெமினி படத்தைப் பற்றி விகடனிலும், எம்.எஸ். நடித்த ‘மீரா’வைப் பற்றிக் கல்கியிலும் மட்டும் படித்துவிட்டு வரலாறு எழுதினால், அது மாமியார் வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்த கதை.

மூன்றாவது, புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பழைய வார இதழ்களிலிருந்து தொடர்கதையை மட்டும் கிழித்துப் பைண்டு பண்ணிவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருந்ததே, அந்தக் கட்டுகள் எப்போதாவது அங்கே வரும். அட்டை போயிருக்கும், தேதி போயிருக்கும். கதையைக் காப்பாற்றியவர்கள் சினிமா பக்கத்தைக் கடலைக்காரனிடம் கொடுத்திருப்பார்கள். ஆராய்ச்சிக்கு இதைவிட மோசமான மூலம் கிடையாது. இருந்தும் ஒரு கட்டை 300 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து, கதையை விட்டுவிட்டு ஒவ்வொரு தாளின் பின்பக்கத்தை மட்டும் பார்த்தேன். ஒன்றில் ஒரு பட விளம்பரம், படம் ஓடும் ஊர்களின் பட்டியலோடு. இணையத்தில் பார்த்த ஸ்கேன்களில் சிலவற்றில் விளம்பரத் தாள்களையே விட்டுவிட்டிருந்தார்கள். இங்கே கதைக்கு முதுகாக இருந்ததால் அது தப்பித்திருக்கிறது.

ஆக, தேதியும் பெயரும் வேண்டுமென்றால் செல்போன் போதும். கட்டுரையாக எழுதப் போகிறீர்கள் என்றால், செல்போனில் பட்டியல் போட்டுக்கொண்டு தரமணிக்குப் போங்கள். சந்தைக்கு ஆசைக்குப் போகலாம்.

அந்த விளம்பரத்தில் ‘கடலூர்’ என்று ஊர்ப் பெயர் தெளிவாக இருக்கிறது. கொட்டகையின் பெயர் இருந்த இடத்தில் பைண்டர் ஊசி குத்தித் தைத்திருக்கிறார். தரமணிக்கு அடுத்த தடவை எடுத்துப்போகும் பட்டியலில் முதல் வரி அதுதான்.