பழைய ஃபிலிம் கேமராக்களில் எதை நம்பி ரோல் போடலாம்?

மறுபடியும் ஃபிலிமுக்குத் திரும்பலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கேமராவில் படம் நன்றாக வரும் என்றுதான். எனக்கு அது இரண்டாவது கேள்வி. நாற்பது வருடம் ஆகிவிட்ட ஒரு பொருளை வாங்கும்போது அது எப்படிக் கெட்டுப்போகும், கெட்டால் சரிசெய்ய ஆளும் பாகமும் கிடைக்குமா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். டிஜிட்டலில் சென்சார் கேமராவோடு ஒட்டிப் பிறந்தது. ஃபிலிமில் அந்தச் சென்சாரை ரோலுக்கு ரோல் நாமே புதிதாக மாட்டுகிறோம். மிச்சம் இருப்பது ஒரு லென்ஸ், வெளிச்சம் புகாத ஒரு பெட்டி, சொன்ன நேரத்துக்குத் திறந்து மூடும் ஒரு ஷட்டர், அவ்வளவுதான். லென்ஸும் ஃபிலிமும் ஒன்றாக இருந்தால், படத்தைப் பார்த்து அது எந்தப் பெட்டியில் எடுத்தது என்று சொல்வது கஷ்டம்.

1976-இல் வந்த இரண்டு எஸ்எல்ஆர் (படம் எடுக்கும் லென்ஸ் வழியாகவே பார்க்கும்) கேமராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பென்டாக்ஸ் கே1000, கேனன் ஏஇ-1. கே1000 முழுக்க மெக்கானிக்கல். பேட்டரி வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான், அது தீர்ந்தாலும் 1 நொடியிலிருந்து 1/1000 வரை எல்லா வேகமும் வேலை செய்யும். செல்ஃப் டைமர்கூடக் கிடையாது. மீட்டரை அணைக்க ஸ்விட்ச்சும் கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டு வைப்பதுதான் அணைப்பது. இப்படி ஒரு மொட்டைக் கேமரா 1997 வரை தயாரிப்பில் இருந்தது என்றால் காரணம் இல்லாமல் இல்லை. ஏஇ-1 அன்றைக்குப் பெரிய புதுமை, மைக்ரோபிராசஸர் வைத்து வந்த முதல் எஸ்எல்ஆர். ஷட்டர் வேகத்தை நாம் வைத்தால் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையின் அளவை, அது பார்த்துக்கொள்ளும். ஆனால் அதன் 6 வோல்ட் பேட்டரி தீர்ந்தால் ஷட்டரே விழாது. ஆட்டோவை விட்டு நாமே அப்பர்ச்சரை வைக்கிறோம் என்றால் இன்னொரு தொல்லை: வியூஃபைண்டரில் தெரிவது மீட்டர் பரிந்துரைக்கும் எண்தான், நாம் லென்ஸில் வைத்திருப்பது அல்ல. அதைப் பார்க்க ஒவ்வொரு முறையும் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்க வேண்டும். ஆட்டோவிலேயே வைத்து எடுக்கிறவருக்கு இது தெரியவே தெரியாது, சரி, ஆனால் ஃபிலிமுக்கே கையால் செய்யத்தானே வருகிறோம்.

கெட்டுப்போகும் விதத்திலும் இரண்டுக்கும் ரொம்ப தூரம். மெக்கானிக்கல் கேமரா முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் படுக்கும். உள்ளே கிரீஸ் இறுகிப்போய் மெதுவான வேகங்கள் இழுக்க ஆரம்பிக்கும், 1 நொடி என்று வைத்தால் ஒன்றரை நொடி போகும், காதாலேயே கண்டுபிடிக்கலாம். வேகமான பக்கத்தில் ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே சீராக ஓடாவிட்டால் படத்தின் ஒரு ஓரம் இருண்டு வரும். பின்கதவைத் திறந்து, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்து, 1/1000-இல் தட்டினாலே ஓரளவு தெரிந்துவிடும். பின்கதவைச் சுற்றி இருக்கும் ஃபோம் பிசுபிசுவென்று உருகியிருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம், சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுவது வீட்டு வேலைதான். எலக்ட்ரானிக் கேமரா அப்படி இல்லை, இன்றைக்கு நன்றாக இருக்கும், நாளைக்கு ஒரு சர்க்யூட் போய்விடும், பாகம் வேண்டுமென்றால் செத்த இன்னொரு கேமராவிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஏஇ-1-இல் தட்டும்போது கீச்சென்று சத்தம் வருகிறதே, அது பலருக்கும் தெரிந்த கதை. எண்ணெய் வறண்டதால் வருவது, சரிசெய்யக்கூடியது. அதை மட்டும் வைத்து ஒதுக்க வேண்டாம்.

அடுத்து நிக்கான் எஃப்எம்2. 1982-இல் வந்தது, இதுவும் மெக்கானிக்கல், ஆனால் 1/4000 வரை போகும். கையில் பிடித்தால் இறக்க மனம் வராது. அந்த 1/4000 தேவையா என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஐஎஸ்ஓ என்பது ஃபிலிம் வெளிச்சத்தை உணரும் வேகம், எஃப் எண் அப்பர்ச்சரின் அளவு, எண் குறைந்தால் துளை பெரிது. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு எஃப் 16-இல் ஏறக்குறைய 1/400 வேண்டும். அப்படியென்றால் கே1000-இன் 1/1000-ஐ வைத்துக்கொண்டு எஃப் 11-க்குக் கீழே போக இடமில்லை, எஃப்எம்2-இல் எஃப் 5.6 வரை திறக்கலாம். ஆனால் கே1000-இல் ஐஎஸ்ஓ 100 ஃபிலிமைப் போட்டாலும் அதே எஃப் 5.6-தான் வருகிறது! டிஜிட்டலில் ஒரு சக்கரத்தைத் திருப்பி ஐஎஸ்ஓ மாற்றிப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு முதலில் மறந்தே போயிருக்கும். வெயிலுக்கு ஒரு ரோல், வீட்டுக்குள் எடுக்க ஒரு ரோல் என்று பிரித்துக்கொண்டால் எஃப்எம்2-க்குக் கூடுதலாகக் கொடுப்பதை ஃபிலிமில் போடலாம்.

ஒலிம்பஸ் ஓஎம்-1 சின்னது, அழகானது, வியூஃபைண்டர் பெரியது. அதன் சிக்கல் 1.35 வோல்ட் பாதரச பேட்டரி, அது இப்போது கிடைப்பதில்லை. 1.5 வோல்ட் ஆல்கலைனைப் போட்டால் மீட்டர் பிசகும். காது கேட்கும் கருவிக்குப் போடும் ஜிங்க்-ஏர் பேட்டரி ஏறக்குறைய சரியான வோல்ட்டைத் தரும், ஆனால் ஒட்டுத்தாளைப் பிரித்ததும் அதன் ஆயுள் ஓட ஆரம்பித்துவிடும். போனில் ஒரு லைட் மீட்டர் ஆப் இருந்தால் போதும் என்பவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஷட்டருக்குப் பேட்டரி தேவையில்லை.

ரேஞ்ச்ஃபைண்டர் (தனி ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்யும் கேமரா) பக்கம் போனால் 1972-இன் கேனனெட் ஜி-3 க்யூஎல்17, 1966-இல் தொடங்கிய யாஷிகா எலக்ட்ரோ 35 வரிசை. இரண்டிலும் லென்ஸ் எஃப் 1.7, இரண்டிலும் ஷட்டர் லென்ஸுக்குள், அதனால் சத்தமே வராது. எனக்குக் கேனனெட். பேட்டரி இல்லாமலும் வேகத்தையும் அப்பர்ச்சரையும் நாமே வைக்கலாம். எலக்ட்ரோவில் வேகத்தை வைக்கும் வழியே இல்லை, அதன் மூளை சரியாக இருக்கும்வரைதான் அதுவும் சரியாக இருக்கும். பொதுவான ஒரு எச்சரிக்கை: இவற்றில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, மூடியைக் கழற்றாமலே ஒரு ரோலை முடித்துவிடலாம், வியூஃபைண்டர் பளிச்சென்றுதான் இருக்கும்.

ஒலிம்பஸ் மியூ-2 மாதிரியான பாக்கெட் ஆட்டோ கேமராக்களை வாங்கச் சொல்ல மாட்டேன். படம் நன்றாகத்தான் வரும், லென்ஸ் உண்மையிலேயே கூர்மை. ஆனால் புகழால் விலை எங்கேயோ போய்விட்டது, போனால் போனதுதான். அந்தச் சௌகரியம்தான் வேண்டும் என்றால் 2024-இல் பென்டாக்ஸ் புதிதாகவே விட்ட பென்டாக்ஸ் 17 இருக்கிறது. அரை ஃபிரேம் கேமரா, 36 படத்துக்கான ரோலில் பாதி அளவில் 72 படம் வரும். ஃபோகஸைத் தூரம் கணித்து வைக்க வேண்டும், முழு ஆட்டோ இல்லை. ஆனாலும் உத்தரவாதத்தோடு வருகிறது, பழையதில் அது எங்கே கிடைக்கும்.

யாஷிகா மேட்-124ஜி வேறு உலகம். மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டை லென்ஸ் கேமரா, 120 எனப்படும் அகலமான ரோலில் 12 சதுரப் படங்கள். நெகட்டிவின் பரப்பு வழக்கமான 35 மி.மீ ஃபிலிமைவிட மூன்றரை மடங்கு பெரிது, அந்த வித்தியாசம் எந்த லென்ஸை மாற்றினாலும் வராது. கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும், ஓடும் குழந்தையைப் பின்தொடரப் போனால் கை எதிர்ப்பக்கம் போகும். நின்று நிதானமாக எடுக்கிறவருக்கு, முக்கியமாக ஆட்களைப் படம் எடுக்கிறவருக்கு, இதற்கு இணை இந்தப் பட்டியலில் இல்லை. இரண்டாவது கேமராவாக வாங்குங்கள்.

ஃபிலிமே வேண்டாம், பழைய லென்ஸை மிரர்லெஸ் எனும் டிஜிட்டல் கேமராவில் மாட்டினால் போதாதா என்று ஒரு கட்சி உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஏஇ-1-இல் மாட்டும் கேனன் எஃப்டி லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே 42 மி.மீ தூரம் வேண்டும், சோனி மிரர்லெஸ்ஸின் இ மவுண்ட்டில் (லென்ஸ் மாட்டும் வாய்) அது 18-தான், மீதியை ஒரு வெற்று வளையம் நிரப்பிவிடும், நடுவில் லென்ஸ் கண்ணாடி எதுவும் தேவையில்லை. ஹீலியோஸ் 44-2 மாதிரி ஒரு லென்ஸின் சுழலும் பின்னணிக்காகத்தான் ஏங்குகிறீர்கள் என்றால் இதுதான் சரியான வழி, முழு ஃபிரேம் (35 மி.மீ ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவாக மட்டும் இருக்கட்டும். சின்ன சென்சார் அந்தச் சுழல் இருக்கும் ஓரங்களையே வெட்டிவிடும். எந்த வழியானாலும் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆனால் ஏக்கம் ஃபிலிமின் நிறத்துக்கும், 36-க்குள் யோசித்து எடுப்பதற்கும் என்றால் அடாப்டர் அதைத் தராது.

டிஜிட்டலிலிருந்து வருகிறவர் ஒரு பழக்கத்தைத் தலைகீழாக மாற்ற வேண்டும். அங்கே வெள்ளைப் பகுதி எரிந்துவிடக் கூடாதென்று கொஞ்சம் குறைத்து எடுப்போம். நெகட்டிவ் ஃபிலிமில் கூடுதல் வெளிச்சம் ஒரு ஸ்டாப் (இரு மடங்கு), இரண்டு ஸ்டாப் (நான்கு மடங்கு) ஆனாலும் தாங்கும், குறைந்தால்தான் நிழல் பகுதி காலியாகப் போகும். ஸ்லைடு ஃபிலிம் (நெகட்டிவ் ஆகாமல் நேராகப் படமாகவே வருவது) இதில் டிஜிட்டல் கட்சி, ஷட்டர் வேகம் நம்பகமாக இல்லாத பழைய கேமராவில் அதைப் போடவே வேண்டாம். முதல் ரோலுக்குக் கருப்பு வெள்ளை, இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ் அல்லது கோடாக் டிரை-எக்ஸ், வீட்டிலேயே கழுவலாம், 20 டிகிரி போதும். கலர் நெகட்டிவுக்கான சி-41 முறை 38 டிகிரியில் 3 நிமிடம் 15 நொடி, சூடு கொஞ்சம் மாறினாலும் நிறம் மாறும், அதை லேபிடமே விட்டுவிடலாம்.

அப்புறம் ஸ்கேன். கேமராவுக்கு இவ்வளவு யோசிக்கிறவர்கள் இதில் கோட்டை விடுகிறார்கள். கடைசியில் திரையில் பார்க்கப்போவது ஸ்கேனைத்தான், மோசமான ஸ்கேனில் எஃப்எம்2-உம் மியூ-2-உம் ஒன்றுதான். கையில் மிரர்லெஸ்ஸும் மேக்ரோ லென்ஸும் இருந்தால் ஒரு சீரான விளக்குப் பலகை வாங்கி நெகட்டிவை நீங்களே படம் எடுங்கள், சாதாரண ஃபிளாட்பெட் ஸ்கேனரைவிட 35 மி.மீ-க்கு இது தெளிவு. 120-க்கு ஃபிளாட்பெட்டே போதும். லேபில் கொடுக்கும்போது நெகட்டிவ் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஸ்கேனை மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைத் தூக்கிப் போடும் இடங்களும் உண்டு.

வீட்டில் ஏற்கெனவே ஓடுகிற ஏஇ-1 இருந்தால் அதையே ஓட்டுங்கள். காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் மட்டும் கே1000, 50 மி.மீ லென்ஸோடு.