6.32% தரும் பத்திரம் 8.33% தரும் பத்திரத்தை முந்துவது எப்படி?

முதிர்வுக்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருக்கும் இரண்டு கடன் பத்திரங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஒரே தரச்சான்று (கடன் ஒழுங்காகத் திரும்பி வருமா என்பதற்கான மதிப்பீடு), முகமதிப்பு, அதாவது முதிர்வில் திரும்பக் கிடைக்கும் தொகை, 1,000 ரூபாய், வட்டி ஆண்டுக்கு ஒருமுறை. முதல் பத்திரத்தின் கூப்பன் 9%, இன்றைய விலை 1,080 ரூபாய். இரண்டாவதன் கூப்பன் 6%, விலை 950 ரூபாய். எதை வாங்கலாம்?

கூப்பனை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. அது முகமதிப்பின் மேல் தரும் வட்டி. பத்திரம் வெளியானபோது 1,000 ரூபாய் கொடுத்து வாங்கியவருக்குத்தான் அந்த 9% உண்மை. நீங்கள் கொடுக்கப்போவது 1,080.

அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் நடப்பு ஈட்டு விகிதம். புரோக்கர்கள் இதைக் கரன்ட் யீல்டு என்பார்கள். கணக்கு எளிது: ஓராண்டில் வரும் வட்டியைச் சந்தை விலையால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். முதல் பத்திரத்துக்கு 90 ÷ 1,080, அதாவது 8.33%. இரண்டாவதுக்கு 60 ÷ 950, அதாவது 6.32%. மத்திய அரசின் பத்திரங்கள் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி தருபவை. அவற்றுக்கு இரண்டு தவணைகளையும் கூட்டிய பிறகே வகுக்க வேண்டும்.

இந்த இடத்தில் பலர் கணக்கை நிறுத்திவிட்டு 8.33% பத்திரத்தை வாங்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான கவலை உண்டு. நடப்பு ஈட்டு விகிதம் ஓராண்டை மட்டுமே பார்க்கிறது. ஐந்தாம் ஆண்டு முடிவில் கைக்கு எவ்வளவு திரும்பும் என்ற கேள்வியே அதில் கிடையாது. 1,080 கொடுத்து வாங்கியவருக்கும் முதிர்வில் வருவது 1,000தான். 80 ரூபாய் போய்விடும். 950 கொடுத்தவருக்கும் அதே 1,000 வரும். 50 ரூபாய் கூடுதல்.

மொத்தமாகக் கூட்டிப் பாருங்கள். முதல் பத்திரத்தில் ஐந்தாண்டு வட்டி 450, அதில் 80 கழிய நிகரம் 370. போட்ட முதல் 1,080. இரண்டாவதில் வட்டி 300, அதோடு 50 சேர நிகரம் 350. போட்ட முதல் 950. முதலோடு ஒப்பிட்டால் முன்னது 34.3%, பின்னது 36.8%. வரிசை தலைகீழாகிவிட்டது.

இந்த லாப நஷ்டத்தையும் பணம் வரும் காலத்தையும் சேர்த்துச் சொல்வது முதிர்வு வரையிலான ஈட்டு விகிதம், சுருக்கமாக ஒய்டிஎம். முதல் பத்திரத்துக்கு அது சுமார் 7.05%, இரண்டாவதுக்குச் சுமார் 7.23%. துல்லியமான விடைக்கு எக்செல்லின் ரேட் ஃபங்ஷன் போதும்: ஆண்டுகள், ஆண்டு வட்டி, மைனஸ் குறியோடு விலை, முகமதிப்பு என்ற வரிசையில் கொடுக்க வேண்டும். காகிதத்திலேயே போட வேண்டுமானால் ஒரு தோராய வழி இருக்கிறது. முகமதிப்பில் விலையைக் கழித்து, மீதி ஆண்டுகளால் வகுத்து, ஆண்டு வட்டியோடு கூட்டுங்கள். அதை விலைக்கும் முகமதிப்புக்கும் உள்ள சராசரியால் வகுங்கள். முதல் பத்திரம்: (90 − 16) ÷ 1,040, அதாவது 7.12%. இரண்டாவது: (60 + 10) ÷ 975, அதாவது 7.18%. தசமங்கள் கொஞ்சம் பிசகினாலும் எது மேல் என்பதைச் சரியாகவே காட்டிவிடுகிறது.

இந்தியாவில் வரியைச் சேர்த்தால் இடைவெளி இன்னும் விரியும். வட்டிக்கு உங்கள் வருமான வரம்புப்படி வரி. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பத்திரத்தை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து வரும் மூலதன ஆதாயத்துக்கு 12.5%. 30% வரம்பில் இருப்பவருக்கு, செஸ் சேர்க்காமல், முதல் பத்திரத்தில் வரிக்குப் பின் வட்டி 315. போட்ட முதலில் இழந்த 80ஐக் கழித்தால் 235 ரூபாய். அந்த 80 ரூபாய் நஷ்டத்தை வட்டி வருமானத்தில் கழிக்க முடியாது. மூலதன ஆதாயத்தில்தான் சரிக்கட்டலாம். இரண்டாவதில் வட்டி 210, ஆதாயத்தில் வரிபோக 43.75, மொத்தம் ஏறக்குறைய 254 ரூபாய். குறைந்த முதலுக்கு அதிகப் பணம்.

அப்படியானால் நடப்பு ஈட்டு விகிதத்தால் பயனே இல்லையா? இருக்கிறது. ஓய்வு பெற்ற ஒருவருக்கு வீட்டுச் செலவுக்கு ஆண்டுதோறும் எவ்வளவு வரும் என்பதே முதல் கேள்வி. அதற்கு இதைவிட நேரான பதில் கிடையாது. ஆனால் முதல் பத்திரத்தில் வரும் 90 ரூபாயில் 16 ரூபாய் தன் சொந்த முதலே என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். அதைத் தனியே எடுத்து வைக்காமல் செலவழித்தால் ஐந்தாம் ஆண்டில் முதல் குறைந்திருக்கும். தெரிந்தே அப்படிச் செலவழிக்க விரும்புபவருக்கு முதல் பத்திரமும் தவறல்ல.

முதிர்வே இல்லாத பத்திரங்களில் இரண்டு விகிதங்களும் ஒன்றாகிவிடும். பிரிட்டிஷ் அரசின் பழைய கன்சோல் பத்திரங்கள் அப்படிப்பட்டவை. 18ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அவற்றின் மிச்சத்தை 2015இல்தான் முழுமையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். வட்டியை விலையால் வகுத்தால் அங்கே கணக்கு முடிந்தது. நம் வங்கிகள் கூடுதல் மூலதனம் திரட்ட வெளியிடும் ஏடி-1 பத்திரங்களுக்கும் முதிர்வு தேதி கிடையாது. ஆனால் அவற்றை அதே கண்ணால் பார்க்கக் கூடாது. 2020 மார்ச்சில் யெஸ் வங்கியின் 8,415 கோடி ரூபாய் ஏடி-1 பத்திரங்கள் முழுவதுமாகத் தள்ளுபடி செய்யப்பட்டன, அதாவது அவற்றின் மதிப்பு பூஜ்யமாக்கப்பட்டது. விவகாரம் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு பத்திரத்தின் விலை சரியச் சரிய அதன் நடப்பு ஈட்டு விகிதம் ஏறும். அந்த ஏற்றம் சில நேரம் சந்தையின் பயத்தைத்தான் காட்டுகிறது. நடப்பு ஈட்டு விகிதமும் சரி, ஒய்டிஎம்மும் சரி, வட்டியும் முதலும் ஒழுங்காக வரும் என்று வைத்தே போடும் கணக்கு. அதனால் ஒரே தரச்சான்றுள்ள பத்திரங்களைத்தான் இவற்றால் ஒப்பிட வேண்டும்.

வாங்கும் முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். திரையில் தெரியும் விலையில், கடைசித் தவணைக்குப் பின் சேர்ந்த வட்டியும் கலந்திருக்கலாம். முதல் பத்திரத்தின் தவணை முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தால் அது 45 ரூபாய். நடப்பு ஈட்டு விகிதத்துக்கு அதை நீக்கிய விலைதான் சரி. நீக்காமல் 1,125ஆல் வகுத்தால் 8.33% என்பது 8% ஆகத் தெரியும்.