பழைய டயல் போனைப் பழுதுபார்க்கக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

ராயபுரத்தில் எங்கள் வீட்டில் ஒரு கறுப்பு டயல் போன் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், இப்போது மேசைமேல் இருப்பது அதன் ஓடு மட்டும்தான். உள்ளே இருந்த எல்லாவற்றையும் உருவிக்கொண்டு, மேலே பாலிஷ் போட்டு, அதற்கு என்னிடமே 3,800 ரூபாயும் வாங்கிக்கொண்டார்கள். இதே மாதிரி போன் இன்னும் நிறைய வீடுகளில் பரணில் இருக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா 1979-இல் பதிவு செய்து 1986-இல் கிடைத்த இணைப்பு அது. வந்த கருவியும் புதிதில்லை, வேறு யார் வீட்டிலோ இருந்து திரும்பி வந்த பழையது. அந்தக் காலத்தில் போனை நாம் வாங்குவதில்லை, தொலைபேசி இலாகா வாடகைக்குக் கொடுக்கும், இரண்டு மாத பில்லில் வாடகையும் சேர்ந்து வரும், இணைப்பை ஒப்படைத்தால் கருவியையும் ஒப்படைக்க வேண்டும். எங்கள் தெருவில் 11 வீட்டுக்கு அதுதான் பி.பி. நம்பர், அதாவது சொந்தமாகப் போன் இல்லாதவர்கள் கூப்பிடச் சொல்லிக் கொடுக்கும் பக்கத்து வீட்டு எண். பிரசவம், சாவு, துபாயில் இருந்து வரும் ஞாயிற்றுக்கிழமை போன் எல்லாம் எங்கள் முன்னறை வழியாகத்தான் போனது. பட்டன் போன் வந்தபோது லைன்மேன் "அப்புறம் வந்து எடுத்துக்கிறேன்" என்று பழையதை விட்டுவிட்டுப் போனார். கடைசிவரை வரவில்லை.

அப்பா போன பிறகு அதை ஓட வைக்க ஆசைப்பட்டேன். இப்போதைய பைபர் இணைப்புப் பெட்டியில் செருகினால் மணி அடித்தது, பேசவும் முடிந்தது. ஆனால் எதிரில் இருப்பவருக்கு என் குரல் கரகரவென்று கேட்டது, டயல் சுற்றிவிட்டால் பாதியில் நின்று நின்று திரும்பியது. இரண்டுமே சின்னக் கோளாறு என்று இப்போதுதான் தெரிகிறது. வாய்ப்பக்கம் இருக்கும் மைக்கில் கரித்துகள்கள் இருக்கும், பல வருடம் சும்மா கிடந்தால் கட்டிப்போய்விடும், கழற்றி உள்ளங்கையில் மெதுவாகத் தட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். டயலில் பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும், துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். அரை மணி நேர வேலை.

அது தெரியாமல் பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் கடைக்குக் கொண்டுபோனேன். பெயர் போடவில்லை, ஏனென்றால் இந்த வேலையைச் செய்வது அந்த ஒரு கடை மட்டுமில்லை என்று பிறகு விசாரித்ததில் தெரிந்தது. கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், பைபர் லைன்ல இந்த டயல் எடுக்காது, உள்ளே கொஞ்சம் மாத்தணும், மேலே புதுசாட்டம் பண்ணித் தர்றேன்" என்றார். அதில் பாதி உண்மை இருந்ததால்தான் நம்பினேன். டயல் போன் எண்ணை டோனாக அனுப்புவதில்லை, லைனை விட்டுவிட்டு அறுத்து அனுப்பும், 7 சுற்றினால் ஏழு தடவை, 0 சுற்றினால் பத்துத் தடவை. பல பைபர் பெட்டிகளுக்கு அது புரியாது. ஆனால் அதைப் பட்டன் போன் டோனாக மாற்றித்தர வெளியில் மாட்டும் சின்னக் கருவியே உண்டு, போனின் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. இதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆறு வாரம் அலையவிட்டுக் கொடுத்தார். கண்ணாடி மாதிரி பளபளத்தது. வீட்டில் மாட்டி என் கைபேசியில் இருந்து கூப்பிட்டேன். சமையலறையில் இருந்த அம்மா எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அங்கிருந்தே கேட்டார்: "இன்னாடா இது, பல்லி கத்துற மாதிரி இருக்கு? நம்ம மணி இது இல்லடா."

அடித்தட்டைக் கழற்றினேன். மணியடிக்கும் இரண்டு பித்தளைக் கிண்ணங்கள், நடுவில் ஆடும் சுத்தி, கம்பி சுற்றிய பெரிய காயில், எதுவுமே இல்லை. தீப்பெட்டி அளவுக்கு ஒரு பச்சை போர்டு, அதில் ஒரு பஸ்ஸர். பக்கத்தில் ஓர் இரும்புத் துண்டை எம்-சீல் வைத்து ஒட்டியிருந்தார்கள். எதற்கு என்று சட்டென்று புரியவில்லை, புரிந்தபோது வயிறு எரிந்தது: தூக்கிப் பார்த்தால் எடை குறைந்தது தெரியக்கூடாதாம். டயலும் வேறு, நூல் பின்னிய ஒயருக்குப் பதில் பிளாஸ்டிக் சுருள் ஒயர். இந்தப் பழைய உறுப்புகளுக்குச் சேகரிப்பவர்களிடம் நல்ல விலை இருக்கிறது, அதுதான் விஷயம்.

ஓடாவது மிஞ்சியதே என்றால் அதுவும் இல்லை. ஓடு பேக்கலைட் என்ற பழைய காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக், அதில் மரத்தூள் கலந்திருக்கும், மேலே மெல்லிய பிசின் தோல்தான் அந்த ஆழமான கறுப்பைக் கொடுப்பது. மோட்டார் சக்கரத்தில் பிடித்தால் தோல் போய்விடும், ஒருமுறை போனால் திரும்ப வராது. அதை மறைக்கத்தான் வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். கடல் காற்றுக்கு இரண்டே வாரத்தில் பிசுபிசுவென்று ஆகி, தூசி ஒட்டுகிறது. சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியும் பொறுமையும்தான் அதற்குத் தேவைப்பட்டது.

திரும்பப் போய்க் கேட்டேன். "பழசெல்லாம் வேஸ்ட்டு சார், எடைக்குப் போட்டாச்சு" என்றார். விடாமல் கேட்டதும் குரல் மாறியது. "இது கவர்ன்மென்ட் சொத்து. உங்க கிட்ட பேப்பர் இருக்கா? நான் கம்ப்ளைன்ட் குடுத்தா நீங்கதான் உள்ளே போவீங்க." ஒரு நிமிடம் உண்மையிலேயே பயந்துவிட்டேன், பேசாமல் வந்தும்விட்டேன். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் அடங்கிப்போகிறார்கள் என்று நினைக்கிறேன். அது இலாகாவின் பொருளாகவே இருக்கட்டும், இலாகா கேட்டால் கொடுத்துவிடுகிறேன். இலாகா பொருள் என்றால் அதன் உறுப்புகளை உருவி விற்க இவருக்கு மட்டும் யார் உரிமை கொடுத்தது? மறுநாள் போய் இதையே கேட்டேன், பதில் இல்லை. ரசீது கொடுக்காத கடை, ஆனால் கொடுத்த பணத்தில் 1,800 ரூபாயை ஜிபேயில் போட்டிருந்தேன், அதை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கடைக்காரர் முன்னாலேயே அடித்தட்டைத் திறந்து உள்ளே இருப்பதையெல்லாம் படம் எடுத்துவிடுங்கள், காயிலிலும் டயலின் பின்பக்கத்திலும் ஊசியால் ஓர் அடையாளம் கீறிவிடுங்கள். மாற்றிய உறுப்பு எதுவானாலும் பழையது என் கைக்கு வர வேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள், எழுத மறுத்தால் போனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். திரும்பி வாங்கும்போது அங்கேயே 0 சுற்றிப் பாருங்கள், அசல் டயல் ஒரே சீரான கர்ரென்ற சத்தத்தோடு திரும்பும், பத்துத் துடிப்பு முடிய ஒரு விநாடி ஆகும். சட்டென்று ஓடி நின்றால் வாங்காதீர்கள்.

கிண்ணமும் காயிலும் எங்காவது தேடி வாங்கிவிடலாம். எனக்கு வேண்டியது டயல். அதன் நடுவில், சின்ன வட்டக் காகிதத்தில், அப்பா நீல மையில் எங்கள் எண்ணை எழுதியிருந்தார், 7-க்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு. எந்தக் கடையிலாவது, யாருடைய சேகரிப்பிலாவது அப்படி ஒரு டயலைப் பார்த்தால் சொல்லுங்கள். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்க மாட்டேன், கேட்ட விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.