வறண்ட தோல் சப்பாத்துக்கு எந்த எண்ணெய்?

1964 புயலுக்கு முன், தனுஷ்கோடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போய்வந்த காலத்தில், என் தாத்தா வாங்கி வந்த பழுப்பு நிறச் சப்பாத்து (எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஷூ என்றால் சப்பாத்துதான்) கடற்கரை ஊரான மண்டபத்தில் உள்ள எங்கள் வீட்டின் இரும்புப் பெட்டியிலிருந்து வெளிவந்தபோது அப்பளம்போல் விறைத்திருந்தது. தேங்காய் எண்ணெய் போதும் என்றார் அம்மா. விளக்கெண்ணெயே உறுதியானது என்றார் செருப்புத் தைப்பவர். சென்னை பெரியமேட்டில் தோல் வணிகம் செய்த உறவினரோ மாட்டுக்குளம்பு எண்ணெயைத் தவிர வேறெதையும் தொடாதே என்றார்.

மூன்றையும் எடைபோடுவதற்கு முன் உப்பைக் கவனிக்க வேண்டும். பதனிடும்போது நார்களுக்கிடையே ஏற்றப்படும் கொழுப்பு காலப்போக்கில் குறைந்து, நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதாலேயே தோல் விறைக்கிறது. ஆனால் கடற்கரையில் அந்த நார்களுக்குள் உப்பும் புகுந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கரையும், குறைந்தால் மீண்டும் படிகமாகி நாரை நெருக்கும். ஆகவே வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, அதில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்திய பின்னரே எண்ணெய். அதுவரை சப்பாத்தை வளைத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். காய்ந்த நார் ஒடிந்தால் ஒட்டாது.

தேங்காய் எண்ணெய் விரைவாக உள்ளே இறங்கும், எளிதில் சிக்குப் பிடிக்காது, எந்தக் கடையிலும் கிடைக்கும். இத்தனை நற்குணங்கள் இருந்தும் இந்தக் கரையில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏறத்தாழ 25 டிகிரியில் உருகும் அது, இங்கே ஆண்டின் பெரும்பகுதியும் நீராகவே இருந்து, பூசிய இடத்தில் நிற்காமல் தையலுக்கும் உள்தோலுக்கும் பரவுகிறது. நிறத்தையும் கருக்கச் செய்கிறது. அளவு மீறினால் வாடைக் காலத்து ஈரத்தில் பூசணத்துக்கு விருந்தாகும். மேலே வெள்ளை படிந்தால் அது பூசணமா, வெளியே கசிந்த கொழுப்பா என்பதை அறிய முடி உலர்த்தியின் இளஞ்சூட்டைக் காட்டலாம்: கொழுப்பு உருகி மறையும், பூசணம் அப்படியே நிற்கும்.

விளக்கெண்ணெய் காற்றில் இறுகாது என்பது அதன் பெரிய தகுதி. ஆளிவிதை எண்ணெயைப் பூசிய தோல் நாளடைவில் இறுகி வெடிக்கும். இதில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் பிசுபிசுப்பால் உள்ளே இறங்கத் தயங்கும், கடற்கரை மணலையும் தூசியையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும். நடைச் செருப்பின் வாருக்குப் பொருந்தும். பழைய சப்பாத்தின் மெல்லிய மேல்தோலுக்குப் பொருந்தாது.

மாட்டின் கீழ்க்கால் எலும்பிலிருந்து எடுக்கப்படும் குளம்பு எண்ணெய்தான் விறைத்த தோலுக்குள் சீராக இறங்குகிறது. இதுவும் நிறத்தைக் கருக்கும். அதிகமானால் தோல் தொளதொளத்துவிடும். எனவே துணியில் சில துளிகள், ஒரு நாள் இடைவெளி, தேவையானால் மறுபடி சில துளிகள் என்பதே என் கணக்கு. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் கருத்து உறிஞ்சும் தோலுக்குத்தான் இந்த வைத்தியம்; மேலே சாயப் பூச்சு மூடிய தோலில் எண்ணெய் நுழையாமல் வழுக்கிக்கொண்டு நிற்கும்.

வீட்டில் யாரும் சொல்லாத நான்காவது வழி, தேன்மெழுகும் ஆட்டுமயிர்க் கொழுப்பான லானோலினும் சேர்ந்த களிம்பு. தோலை நெகிழ வைக்கும் வேலையில் அது குளம்பு எண்ணெய்க்குப் பின்தான். ஆனால் 60 டிகிரிக்கு மேல்தான் உருகும் மெழுகு நம் வெயிலிலும் மேற்பரப்பில் நின்று உப்புக்காற்றைத் தடுக்கிறது. ஆகவே முதலில் எண்ணெய், இரண்டு நாள் கழித்து மெல்லிய களிம்பு என்று இரண்டையும் அடுத்தடுத்துப் பயன்படுத்தினேன்.

தொட்டால் செந்தூளாக உதிரும் தோலுக்கு இவற்றில் எதுவும் உதவாது. தாத்தாவின் சப்பாத்து அந்த நிலைக்குப் போகவில்லை. இப்போது வளைகிறது, ஆனால் விரல் மடியும் இடத்தில் முன்பே விழுந்திருந்த இரண்டு வெடிப்புகள் அப்படியே இருக்கின்றன.