பழைய ரிவெர்ப், புதிய மென்பொருள்: இம்பல்ஸா, கையால் அமைப்பதா?

ரிவெர்ப் (குரலுக்கு எதிரொலி சேர்க்கும் எஃபெக்ட்) பழைய 32 பிட் பிளகினாக (ஒலி மென்பொருளில் சேர்க்கும் துணை நிரல்) இருந்தால், 64 பிட் மென்பொருளில் நேரடியாகத் திறக்காது. சென்னை சாலிகிராமம் டப்பிங் அறைகளில் சிஸ்டம் மாற்றினால் கிளம்பும் தலைவலி இது. அதே ஒலியைப் புதியதில் கொண்டுவர இரண்டு வழி.

பழைய கணினி இன்னும் ஓடுகிறதென்றால் இம்பல்ஸ் (நொடிப்பொழுது ஒலிக்கு ரிவெர்ப் தரும் பதிலின் பதிவு) எடுப்பதே மேல். 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ கோப்பின் தொடக்கத்தில் ஒரே ஒரு சாம்பிளை (டிஜிட்டல் ஒலியின் மிகச்சிறு துளி) உச்சத்துக்கு ஏற்றி, பின்னால் 5 விநாடி மௌனம் விடுங்கள். டிரை (மூல ஒலி) 0, வெட் (ரிவெர்ப் ஒலி) 100 வைத்து ரிவெர்ப் போடுங்கள். வால் (ஒலி நின்றபின் தேயும் எதிரொலி) மெல்லியதாகத்தான் வரும், அதனால் 32 பிட் ஃப்ளோட் வேவாகச் சேமித்து கன்வல்யூஷன் ரிவெர்பில் (பதிந்த இம்பல்ஸை வைத்து இயங்கும் ரிவெர்ப்) ஏற்றுங்கள். முன்னாலுள்ள மௌனத்தை வெட்டினால் ப்ரீ-டிலே (ரிவெர்ப் தொடங்குமுன் வரும் இடைவெளி) போச்சு.

மாடுலேஷன் (வால் மெல்ல அசைந்து மாறுவது) உள்ள ரிவெர்பா? இம்பல்ஸில் அந்த அசைவு பதியாது; நீண்ட ஆலாபனையில் வால் விறைத்துக் கேட்கும். அங்கே கையால்தான்: ப்ரீ-டிலே, டிகே (வால் தேயும் நேரம்), ஹை கட் (உயர் அதிர்வெண்களைக் குறைப்பது) என்ற வரிசையில், ஒரே கைத்தட்டல் பதிவைப் பழையதோடு மாற்றி மாற்றிக் கேட்டு. பிரீசெட் (சேமித்து வைத்த அமைப்பு) எண்களை நகலெடுப்பது வீண்வேலை. ரூம் சைஸ் 60 என்பது எல்லா பிளகினிலும் ஒன்றல்ல.