12 ரூபாய் செல்: கடிகாரத்துக்குச் சரி, டார்ச்சுக்கு வேண்டாம்

போன ஆடியில் தெருமுனைக் கடையில் டபுள் ஏ செல் 10 வாங்கினேன், ஒன்று 12 ரூபாய், மேலே 'ஹெவி டியூட்டி' என்று போட்டிருந்தது. ஹாலில் சுவர்க்கடிகாரத்துக்குப் போட்டது ஒரு வருடம் தாண்டி இன்னும் ஓடுகிறது. டிவி ரிமோட்டிலும் குறையில்லை. ஆனால் பையனுடைய பொம்மைக் காரில் அரைமணி நேரத்திலேயே இழுக்க ஆரம்பித்துவிட்டது, கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் மறுபடி ஓடும், உடனே படுத்துவிடும்.

டார்ச்சில்தான் பெரிய நஷ்டம். இரண்டு செல்லைப் போட்டு அலமாரியில் வைத்தவன் மறந்துவிட்டேன், மழைநாளில் கரண்ட் போனதும் எடுத்தால் எரியவில்லை, திறந்து பார்த்தால் உள்ளே பிசுபிசுவென்று கசிவு, ஸ்பிரிங் பச்சை பூத்துக் கிடக்கிறது. நல்ல டார்ச், மனசே ஆறவில்லை.

தீர்ந்த செல் ஒன்றைக் கையுறை போட்டு வெட்டிப் பார்த்தேன். வெளித்தகட்டுக்குள் இருக்கிற துத்தநாகக் குப்பி கரையான் அரித்த பலகை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. விஷயமே அதுதான். 1886-இல் ஜெர்மனியில் கார்ல் காஸ்னர் உலர்மின்கலம் செய்தபோதே துத்தநாகத்தைப் பாத்திரமாகவும் எதிர்மின்வாயாகவும் சேர்த்து வைத்துவிட்டார். நடுவில் கரிக்கோல், அதைச் சுற்றி மாங்கனீசு டையாக்சைடும் கரித்தூளும் கலந்த கருப்புக் கலவை. துத்தநாகம் எலக்ட்ரானை விட்டுக்கொடுத்துக் கரையக் கரையத்தான் நமக்கு 1.5 வோல்ட் கிடைக்கிறது, அதாவது மின்சாரத்துக்காகத் தேய்வது செல்லின் சுவரே. சும்மா வைத்திருந்தாலும் உள்ளே இருக்கிற அமோனியம் குளோரைடோ துத்தநாகக் குளோரைடோ மெல்ல அரிக்கும்.

அல்கலைன் என்கிற இன்னொரு வகை செல்லிலும் துத்தநாகம்தான், ஆனால் அங்கே அது தூளாக நடுவில் இருக்கிறது, வெளிக்குப்பி எஃகு. தூளுக்குப் பரப்பு அதிகம், அதனால் மோட்டார் கேட்கிற கரண்ட்டைத் தாராளமாகக் கொடுக்கும். அதுவும் கசியாது என்றில்லை, தீர்ந்ததை உள்ளேயே விட்டால் அதுவும் கசியும்.

வாங்கும்போது 'ஹெவி டியூட்டி' என்கிற எழுத்தைப் பார்த்து அல்கலைன் என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் அது துத்தநாகக் குளோரைடு வகைதான். பொடி எழுத்தில் ஆர்6 என்றிருந்தால் சாதாரண செல், எல்ஆர்6 என்றிருந்தால் அல்கலைன். கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் 12 ரூபாய் செல்லையே மறுபடியும் வாங்குவேன், கடிகாரம் நின்ற அன்றே கழற்றிவிடுவேன். டார்ச்சுக்கு இனி அல்கலைன், அதையும் தனியாக எடுத்துப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.