கீழவாசல் பழைய வீடும் வல்லம் சாலை மனையும்

தஞ்சாவூரில் எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. கீழவாசல் பக்கம் கட்டைகுத்துத் தளம் (மர உத்திரங்கள்மேல் செங்கல் அடுக்கிய மேல்தளம்) போட்ட எழுபது வயது வீடு, 38 லட்சம். வல்லம் சாலையில் 1,500 சதுர அடி மனை, 15 லட்சம்; வீட்டை நாம் கட்டிக்கொள்ள வேண்டும்.

பத்திரச் செலவில் மனைதான் மலிவு. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் முத்திரைத்தீர்வை, பதிவுக்கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம். பழைய வீட்டுக்கு 3,42,000 ரூபாய், மனைக்கு 1,35,000. அனுமதிக்கு அலைவதும் குறைந்துவிட்டது: 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட, இணையத்தில் சுயசான்று முறையிலேயே அனுமதி வாங்கலாம். வல்லம் பக்கம் செம்மண் மேடு என்பதால், களிமண் வயலை மனையாக்கிய இடங்களைப் போல அஸ்திவாரத்தில் பணத்தைப் புதைக்கவும் வேண்டாம்.

பத்திரச் செலவில் மிச்சமான அந்த இரண்டு லட்சம் எங்கே போகும் என்பதை என் மைத்துனரிடம் கேட்க வேண்டும். சதுர அடி 2,200 என்று பேசி ஆயிரம் சதுர அடி கட்டினார். போர்வெல், நிலத்தடித் தொட்டி, சுற்றுச்சுவர், மின் இணைப்பு எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. 22 லட்சம் 27 ஆனது. அந்தப் பதினான்கு மாதமும் ஒரு கையால் வாடகை, மறு கையால் வங்கி வட்டி. வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தளத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். அத்தனைக்குப் பிறகும் சுவருக்குள் போன கம்பியும் குழாயும் எப்படி இருக்கின்றன என்று அவருக்கே தெரியாது.

பழைய வீடு அப்படியில்லை, குறையை வாசலிலேயே காட்டிவிடுகிறது. சாலையை மேலே மேலே போட்டதில் மூன்று படிகளில் ஒன்றுதான் வெளியே தெரிகிறது. ஐப்பசி மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதற்குத் திண்ணைச் சுவரில் கோடே இருக்கிறது. யாரோ சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசி வைத்திருக்கிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் அது கொப்புளமாக எழும்பி நிற்கிறது. அதைச் செதுக்கிவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூச வேண்டும். அந்தக் கைப்பழக்கம் உள்ள கொத்தனாரைத் தேடுவதுதான் பெரும்பாடு.

உத்திரம் பார்க்க வந்த வயதான மேஸ்திரி நடுப்பகுதியை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஏணியைச் சுவரோரம் சாத்தி, மரம் சுவருக்குள் நுழையும் முனைகளில் திருப்புளியால் குத்திக்கொண்டே போனார். ஈரம் அங்கேதான் தங்குமாம். நான்கு உத்திரங்களில் முனை அசையவில்லை. ஐந்தாவதில் திருப்புளி ஒரு விரற்கடை உள்ளே போனது. “இது ஒன்றுக்கு இரும்பு கர்டர் கொடுத்துவிடலாம், மற்றது உங்கள் பேரன் காலம் வரை நிற்கும்” என்றார். ரிப்பேருக்கு மொத்தம் ஆறு லட்சம் ஆகும் என்று அவரும் நாங்களும் போட்ட கணக்கு. பத்திரச் செலவையும் சேர்த்தால் வீடு 47 லட்சத்தைத் தாண்டுகிறது. மைத்துனர் கட்டியது போலவே கட்டினாலும் மனை வழி 43, 44 லட்சம். அதில் வாடகையும் வட்டியும் சேரவில்லை. கடைத்தெருவுக்கு நடந்தே போகலாம் என்பதற்கு மீதி வித்தியாசத்தைக் கொடுக்க நான் தயார்.

வாங்கி இடித்துவிட்டுக் கட்டலாமே என்றார்கள் சிலர். பத்திரத்தில் “கிழக்குச் சுவர் பொதுச்சுவர்” என்று ஒரு வரி இருக்கிறது. பக்கத்து வீட்டு உத்திரமும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

உண்மையான பயம் காகிதத்தில்தான். காவிரிக்கரை ஊர்களில் அடிமனை கோயிலுக்கும் கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்கும் சொந்தமாக இருக்கும் வீடுகள் நிறைய. இது அப்படியில்லை என்பதை முதலில் உறுதிசெய்தோம். வில்லங்கச் சான்றும் சுத்தம். ஆனால் வீட்டைச் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய பெரியவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். விற்க வந்திருப்பவர் அவருடைய மகன். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூன்று மகள்களுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. “அக்காமார் எல்லாம் சீர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், கேட்க மாட்டார்கள்” என்றார் அந்த மகன். அவர்கள் கேட்காமல் இருக்கலாம், அவர்கள் பிள்ளைகள் கேட்பார்களே.

எல்லாரும் கையெழுத்திட்டால் பழைய வீடு, இல்லையென்றால் மனை என்று முடிவு செய்து, ஐம்பதாயிரம் மட்டும் முன்பணம் கொடுத்திருக்கிறோம். இரண்டு அக்காமார் சம்மதித்துவிட்டார்கள். மூன்றாமவர் சிங்கப்பூரில் இருக்கிறார். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, அவருக்குப் பதிலாக இங்கே கையெழுத்திட அதிகாரப் பத்திரம் (பவர்) வர வேண்டும். வந்து மூன்று மாதத்துக்குள் இங்கே அதற்கு முத்திரைத்தீர்வை கட்டவும் வேண்டும். மனைக்காரரிடம் ஆடி முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.